33 வயதில் அதிபர், 37-ல் படுகொலை: வறட்சி நாட்டின் பசியோடு மோதிய தாமஸ் சங்கரா யார்?

மழை பொய்த்துவிட்டது. வயலில் கம்பு கருகிக் கிடக்கிறது. ஊரில் தானியக் குதிர் காலி. அடுத்த வேளைச் சாப்பாடு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இன்னொரு நாட்டுத் துறைமுகத்தில் நிற்கும் கப்பலில் இருக்கிறது. அதை இறக்க காசு வேணும். காசு இல்லைனா யாராவது இலவசமாகத் தரணும். இரண்டுமே நடக்காவிட்டால்?

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள புர்கினா ஃபாசோவுக்கு இது கற்பனை இல்லை. கடலே இல்லாத, நான்கு பக்கமும் நிலம் சூழ்ந்த ஏழை நாடு அது. பருவநிலை மாறும்போது முதலில் அடி வாங்குவதும், உலகச் சந்தையில் தானிய விலை ஏறும்போது முதலில் தவிப்பதும் இப்படிப்பட்ட நாடுகள்தான். இந்தப் பொறியிலிருந்து நாட்டை வெளியே கொண்டு வரப் பார்த்த ஒரு இளம் ராணுவ அதிகாரியின் கதை இது. அவருக்குக் கிடைத்தது வெறும் 4 ஆண்டுகள்.

யார் இந்த தாமஸ் சங்கரா?

1949 டிசம்பர் 21-ல் யாகோ என்ற சிற்றூரில் பிறந்தார் சங்கரா. அப்போது அந்த நாடு பிரான்ஸின் காலனி. பெயர் அப்பர் வோல்டா. அப்பா காவல் படையில் வேலை பார்த்தவர் என்பதால், சுற்றியிருந்த விவசாயக் குடும்பங்களைவிட வீட்டில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. கத்தோலிக்கக் குடும்பம். பையன் நன்றாகப் படிக்கிறான், பாதிரியார் ஆக்கிவிடலாம் என்று தேவாலயத்தில் இருந்தவர்கள் ஆசைப்பட்டார்கள். சங்கரா அந்தப் பக்கம் போகவில்லை. மேல்நிலைப் படிப்பை போபோ டியூலாசோ நகரில் படித்துவிட்டு, தலைநகர் வாகடூகுவில் இருந்த ராணுவப் பள்ளியில் சேர்ந்தார்.

அங்கிருந்து அதிகாரி பயிற்சிக்காக மடகாஸ்கர் தீவுக்கு அனுப்பப்பட்டார். அவர் பார்வையை மாற்றிய இடம் அதுதான். அரசுக்கு எதிராக விவசாயிகளும் மாணவர்களும் தெருவில் இறங்கியதை நேரில் பார்த்தார். கிராம வளர்ச்சிப் பணி செய்த ராணுவப் பிரிவு ஒன்றோடு சேர்ந்து வேலையும் பார்த்தார். துப்பாக்கி பிடிக்கிற கை மண்வெட்டியும் பிடிக்கலாம் என்ற எண்ணம் அவருக்குள் ஊறியது அங்கேதான்.

ஊர் திரும்பினால் வறட்சி

அவர் வெளிநாட்டில் இருந்த காலத்தில் சொந்த நாடு காய்ந்துகொண்டிருந்தது. சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே, கிழக்கு மேற்காக நீளும் வறண்ட பட்டைக்கு சஹேல் என்று பெயர். வருஷத்தில் ஒரே ஒரு மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்தால் உண்டு, இல்லைனா இல்லை. 1968-ல் தொடங்கிய வறட்சி 1973 வரை நீடித்தது. பல்லாயிரக்கணக்கானோர் பசியிலும் நோயிலும் இறந்தார்கள். ஆடு மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன.

அப்போது பழி விவசாயிகள் மீதும் மேய்ச்சல்காரர்கள் மீதும் விழுந்தது. மரத்தை வெட்டினார்கள், அளவுக்கு மீறி மேய்த்தார்கள், அதனால்தான் மழை போச்சு என்றார்கள். பிறகு வந்த ஆய்வுகள் வேறு ஒரு முக்கியக் காரணத்தைக் காட்டின. அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல்களின் மேற்பரப்பு வெப்பநிலையில் ஏற்பட்ட மாற்றம் சஹேலின் மழையைத் தள்ளிவிட்டிருந்தது. அதாவது எங்கோ கடலில் நடந்த மாற்றத்துக்கு, கடலையே பார்த்திராத விவசாயி விலை கொடுத்தார்.

1974-ல் மாலி நாட்டோடு நடந்த எல்லைச் சண்டையில் சங்கரா பேர் வாங்கினார். பின்னாளில் அந்தச் சண்டையே அர்த்தமற்றது என்று அவரே ஒதுக்கித் தள்ளினார். கிட்டார் வாசிப்பார், இசைக்குழுவில் இருந்தார், மோட்டார் சைக்கிளில் சுற்றுவார். வாகடூகு இளைஞர்களுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

சிறையிலிருந்து ஆட்சிக்கு

1981-ல் தகவல் துறைப் பொறுப்பு கிடைத்தது. அமைச்சரவைக் கூட்டத்துக்கு சைக்கிளில் போனார். சில மாதங்களில், மக்கள் குரலை ஒடுக்குகிற அரசில் இருக்க முடியாது என்று ராஜினாமா செய்தார். 1983 ஜனவரியில் அடுத்து வந்த ராணுவ அரசில் பிரதமர். மே மாதமே பதவி பறிபோய் கைதானார். மக்கள் போராடினார்கள். ஆகஸ்ட் 4-ல் அவருடைய நெருங்கிய நண்பர் பிளேஸ் கொம்பாவோரே தலைமையில் கமாண்டோ வீரர்கள் தலைநகருக்குள் நுழைந்தார்கள். ஆட்சி கவிழ்ந்தது. 33 வயது சங்கரா அதிபரானார்.

சரியாக ஒரு வருஷம் கழித்து நாட்டின் பெயரை மாற்றினார். அப்பர் வோல்டா என்பது பிரெஞ்சுக்காரர்கள் ஒரு நதியை வைத்துச் சூட்டிய பெயர். புர்கினா ஃபாசோ என்றால் நேர்மையான மனிதர்களின் நாடு. நாட்டு மக்கள் பேசும் மொழிகளிலிருந்தே சொற்களை எடுத்துச் சேர்த்த பெயர்.

வெளியிலிருந்து தானியம் வந்தால் என்ன தப்பு?

அவர் பதவியேற்ற நேரம் மோசமானது. 1983, 1984-ல் மீண்டும் கடும் வறட்சி. உணவு உதவி இல்லாமல் சமாளிக்க முடியாத நிலை. ஆனா சங்கரா அந்த மூட்டைகளைப் பார்த்த விதம் வேறு.

இந்த நாட்டின் சாப்பாடு சோளமும் கம்பும்தான். அதன் மாவைக் கிளறி, நம்ம ஊர் களி மாதிரி சாப்பிடுவார்கள். ஆனால் பிரெஞ்சு ஆட்சியில் நகரங்களில் ரொட்டியும் அரிசியும் பழக்கமாகிவிட்டன. கோதுமை அங்கே பெரிதாக விளையாது. அரிசியும் போதவில்லை. எனவே இறக்குமதி. அதற்கு டாலர் வேணும். டாலருக்காக பருத்தி விளைவித்து ஏற்றுமதி செய்யணும். பருத்தி விலையை முடிவு செய்வது உலகச் சந்தை. மலிவாகவோ இலவசமாகவோ வெளித் தானியம் சந்தையில் குவியும்போது உள்ளூர் சோளத்துக்கு விலை கிடைக்காது. விலை கிடைக்காத விவசாயி அடுத்த வருஷம் குறைவாகத்தான் விதைப்பார். அதனால் இறக்குமதி இன்னும் கூடும். இளைஞர்கள் பிழைப்பு தேடி ஐவரி கோஸ்ட்டின் கோகோ தோட்டங்களுக்குப் போவார்கள்.

உணவைக் கொடுக்கிறவர் கையில்தான் நாட்டின் லகானும் இருக்கும் என்பது சங்கராவின் வாதம். உதவியே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. உதவி தேவைப்படாத நிலைக்குக் கொண்டு போகிற உதவிதான் வேணும் என்றார்.

மரம், அடுப்பு, ஆடு மாடு

1984 அக்டோபரில் மக்கள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. சின்னச் சின்ன அணைகள், கிணறுகள், தானியக் கிடங்குகள், பள்ளிகள், மருத்துவ நிலையங்கள் என்று ஒவ்வொரு மாகாணத்துக்கும் இலக்கு. பல இடங்களில் கிராம மக்களே கல் சுமந்து மண் வெட்டிக் கட்டினார்கள். சுமார் 15 மாதங்களில் 1 கோடி மரக்கன்றுகள் நடப்பட்டன. கல்யாணமா, குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்களா, மரம் நடணும். அரசு வீடு கிடைத்தவரும் மரம் நட்டு வளர்க்கணும்.

1985-ல் மூன்று போராட்டங்கள் என்ற இயக்கம் வந்தது. காட்டுத் தீயைத் தடுப்பது, கண்டபடி மரம் வெட்டுவதைத் தடுப்பது, ஆடு மாடுகள் கட்டுப்பாடில்லாமல் திரிவதைத் தடுப்பது. சமையலுக்கு மூன்று கல் வைத்து விறகு எரித்தால் சூட்டின் பெரும்பகுதி காற்றோடு போகும். அதனால் விறகு மிச்சம் பிடிக்கும் மண் அடுப்புகளை அரசு பரப்பியது. விறகுக்காக பல கிலோமீட்டர் நடக்கும் பெண்களுக்கு இது நேரடியான நிம்மதி.

1986 பிப்ரவரியில் பாரிஸில் மரங்கள், காடுகள் பற்றி நடந்த சர்வதேச மாநாட்டில் சங்கரா பேசினார். பாலைவனம் பரவுவது இயற்கைப் பிரச்சினை மட்டுமல்ல, அரசியல் பிரச்சினை என்பதே அவர் பேச்சின் சாரம். பருவநிலை மாற்றம் தலைப்புச் செய்தி ஆவதற்கு முந்தைய காலம் அது.

நிலத்தை அரசுடைமையாக்கி, பாரம்பரியத் தலைவர்களின் பிடியைத் தளர்த்தினார். கிராமத்து மக்கள் கட்டிவந்த தலைவரியை ஒழித்தார். சூரு பள்ளத்தாக்கில் பாசனத்தைத் தொடங்கினார். அரசின் பென்ஸ் கார்களை விற்றுவிட்டு, அமைச்சர்களுக்கு சின்ன ரெனோ கார் கொடுத்தார். உள்ளூர் பருத்தியில் நெய்த துணியை அரசு ஊழியர்கள் உடுத்தச் சொன்னார். ஒரே தடுப்பூசி இயக்கத்தில் சில வாரங்களுக்குள் சுமார் 25 லட்சம் குழந்தைகளுக்கு ஊசி போடப்பட்டது. அப்போது நாட்டின் மக்கள்தொகையே சுமார் 80 லட்சம்தான்.

சோஷியல் மீடியாவில் சுற்றும் கணக்கு சரியா?

சங்கரா ஆட்சியில் ஹெக்டேருக்கு கோதுமை விளைச்சல் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது என்று ஒரு பதிவு அடிக்கடி சுற்றும். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். அந்த நாட்டில் கோதுமை பயிராகும் பரப்பே மிகக் குறைவு. மக்களின் உணவு சோளம், கம்பு, மக்காச்சோளம். அந்த ஒரு எண்ணை வைத்து நாட்டின் பசி தீர்ந்ததா என்று அளக்க முடியாது.

நடந்தது இதுதான். 1984-ன் மோசமான நிலைக்குப் பிறகு தானிய விளைச்சல் நன்றாகவே ஏறியது. அணைகள், கிடங்குகள், வரி ஒழிப்பு எல்லாம் அதற்கு உதவின. ஆனா 1985, 1986-ல் மழையும் கை கொடுத்தது. மழையின் பங்கை மறைத்துவிட்டு முழுப் பெருமையையும் அரசுக்குக் கொடுத்தால், அடுத்த வறட்சியில் அந்த நம்பிக்கை உடைந்துபோகும்.

இன்னொரு பக்கமும் உண்டு

சங்கரா தேர்தலில் ஜெயித்து வந்தவர் இல்லை. கட்சிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடம் குறைந்தது. 1984-ல் வேலைநிறுத்தம் செய்த ஆயிரத்துக்கும் அதிகமான ஆசிரியர்களை அரசு வேலையை விட்டு நீக்கியது. படித்தவர்களே குறைவாக இருந்த நாட்டில் அது பிள்ளைகளின் படிப்பைப் பாதித்தது. அதே ஆண்டு சதிக் குற்றச்சாட்டில் 7 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஊர்தோறும் அமைந்த புரட்சிக் குழுக்களில் சில, துப்பாக்கியைக் காட்டி அத்துமீறின. மக்கள் நீதிமன்றங்களில் நியாயமான வாதத்துக்கு வாய்ப்பு குறைவு. அரசு ஊழியர்களின் சம்பளத்தில் வளர்ச்சிக்கென்று பிடித்தம் செய்ததும் கோபத்தைக் கிளப்பியது.

1987 ஜூலையில் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடிய மாநாட்டில், வெளிநாட்டுக் கடனை எல்லோரும் சேர்ந்து கட்ட மறுப்போம் என்று சங்கரா வாதிட்டார். தனி நாடாக மறுத்தால் அடுத்த கூட்டத்துக்கு தான் இருக்கமாட்டேன் என்றும் சொல்லியிருந்தார். மூன்றே மாதம். அக்டோபர் 15 மாலை, வாகடூகுவில் கூட்டத்தில் இருந்தபோது ராணுவ வீரர்கள் புகுந்து சுட்டார்கள். அவரோடு 12 பேர் இறந்தார்கள். சங்கராவுக்கு வயது 37.

ஆட்சியைப் பிடித்தவர் அதே நண்பர் கொம்பாவோரே. 27 வருஷம் ஆண்டார். 2014-ல் மக்கள் எழுச்சியில் நாட்டை விட்டு ஓடினார். 2022 ஏப்ரலில், சங்கரா கொலை வழக்கில் ராணுவ நீதிமன்றம் அவர் இல்லாமலேயே விசாரித்து ஆயுள் தண்டனை விதித்தது.

எது மிஞ்சியது?

உத்தரவு போட்டு நட்ட கன்றுகளில் எல்லாம் மரமாகவில்லை. தண்ணீர் ஊற்றி, ஆட்டுக்கு எட்டாமல் காத்து, பல வருஷம் பார்த்துக்கொள்ள ஆள் வேணும். சங்கராவுக்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை.

ஆனா அதே 1980களில் நாட்டின் வடக்கே யாடெங்கா பகுதியில் விவசாயிகள் தாங்களாகவே ஒரு பழைய முறையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். கெட்டியாகிப்போன தரிசில், மழைக்கு முன்பே சின்னச் சின்னக் குழி வெட்டி எரு போட வேண்டும். மழைநீர் ஓடிப்போகாமல் குழியில் நிற்கும். அதில் சோளமோ கம்போ விதைப்பார்கள். சாய் என்பது இந்த முறையின் பெயர். சரிவின் குறுக்கே கல் வரிசை அடுக்கி, ஓடும் நீரின் வேகத்தைக் குறைப்பது இன்னொரு வழி. யாகூபா சவடோகோ என்ற விவசாயி இப்படிச் செய்தே தரிசைக் காடாக்கினார். 2018-ல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றார். அரசுகள் மாறின, இந்தக் குழிகள் தொடர்ந்தன. காரணம், வெட்டியவருக்கே அந்த விளைச்சல் போனது.

2022-ல் ரஷ்யா உக்ரைன் போர் தொடங்கியதும் கோதுமை, உர விலைகள் எகிறின. ஆயுதக் குழுக்களின் வன்முறையால் 2023-க்குள் புர்கினா ஃபாசோவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊரை விட்டு இடம்பெயர்ந்தார்கள். ஊரில் ஆளில்லை என்றால் வயலும் இல்லை. வானிலையும் முன்னைவிட சூடாகிவிட்டது. சேர்ந்தாற்போல் கொட்டும் மழை மண்ணை அரித்துப் போகிறது.

அடுத்த வறட்சி வரும்போது கப்பலும் தேவைப்படும், அதை மறுக்க முடியாது. ஆனா கப்பல் வரும்வரை தாக்குப்பிடிக்க வைப்பது ஊரில் இருக்கும் தானியக் கிடங்கும், வயலில் தேங்கும் தண்ணீரும், உள்ளூர் சோளத்துக்குக் கிடைக்கும் நியாயமான விலையும்தான். சங்கரா 4 வருஷத்தில் சொல்ல வந்ததும் இதைத்தான்.