மருத்துவ மேதை சுப்பாராவ்

சென்னைக் கடற்கரைச் சாலையில் செந்நிறக் கட்டடமாய் விளங்கும் மாநிலக் கல்லூரியிற் பயின்று புகழ்பெற்றார் பலர். அவருள் ஒருவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பள்ளியில் வாரந்தோறும் மாணாக்கர்க்கு வழங்கப்பெறும் நீலநிற மாத்திரையில், இரும்புச்சத்தோடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கலந்துள்ளது. அவ்வமிலத்தைச் செயற்கையாக ஆக்கும் வழி கண்ட குழுவினை நடத்தியவர் இவரே.

ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். இளமையில் அவர்க்குக் கல்வியில் நாட்டமில்லை. பொருளீட்டக் கருதிக் காசிக்கு ஓடிய சிறுவரை அன்னையார் வெங்கம்மா மீட்டுக் கொணர்ந்தார். நகைகளை விற்றுப் படிக்கவைத்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறையிலேதான் அவர் மெட்ரிகுலேஷன் தேறினார்.

பின்னர் அவருள்ளம் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தின் துறவு வாழ்வை நாடிற்று. அன்னையார் இசையவில்லை. ஆகவே சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். காந்தியடிகளின் வழிநின்று கதராடை பூண்டதால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குக் குறைந்த எல்.எம்.எஸ். தகுதியையே பெற்றார்.

அந்நாளில் கிரகணி என்னும் கொடுநோய் அக்குடும்பத்தைத் தாக்கியது. உண்ட உணவின் சத்து உடலிற் சேராது கழிய, குருதி குன்றி, நோயாளர் மெலிந்து மாய்வர். உடன்பிறந்தார் இருவர் சின்னாள் இடைவெளியில் இந்நோய்க்கு இரையாயினர். சுப்பாராவும் அதன் வாய்ப்பட்டார். ஆசண்ட லட்சுமிபதி என்னும் ஆயுர்வேத அறிஞரின் மருத்துவத்தால் பிழைத்தார். அவ்வறிஞரின் சென்னைக் கல்லூரியில் சிலகாலம் ஆசிரியராகவும் இருந்தார்.

1922-ஆம் ஆண்டு அமெரிக்கா சென்ற அவர், பாஸ்டன் நகரில் இரவில் மருத்துவமனை ஊழியராகவும் பகலில் ஹார்வர்டு மாணவராகவும் உழைத்தார். தசைக்கு ஆற்றல் தரும் பொருள்களைப் பற்றி ஃபிஸ்கே என்பாருடன் அவர் அங்கே செய்த ஆய்வுகள் இன்றும் பாடநூல்களில் உள்ளன. 1940-இல் லெடர்லே ஆய்வுக்கூடத்தை அடைந்தார்.

குருதிச் சோகையைத் தீர்க்கும் பொருளொன்று ஈரலில் உண்டென்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி, பம்பாயில் கருவுற்ற ஆலைத் தொழிலாளர் பெண்டிரின் சோகை ஈஸ்ட் சாற்றால் நீங்குதலை 1931-இல் வெளியிட்டிருந்தார். பசலைக்கீரையினின்றும் பிரித்தெடுத்தோர், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் இப்பொருட்குப் பெயரிட்டனர். ஃபோலிக் என்பதில் ஆய்தத்தை விட்டெழுதின் போலியாகிவிடும், மாணாக்கர் கருதுக. சுப்பாராவின் குழுவினர் இதனை 1945-இல் செயற்கையாக ஆக்கினர். அடுத்த சில திங்களிலேயே கியூபாவில் கிரகணி நோயாளர்க்கு இது கொடுக்கப்பட, அவர்தம் குருதி ஊறியது. தம் உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு மருந்து கிடைத்தது. கால் நூற்றாண்டு பிந்திக் கிடைத்தது.

உண்மையான போலி ஒன்றையும் அக்குழுவினர் ஆக்கினர். ஃபோலிக் அமிலத்தை ஒத்த வடிவினதாய், அதன் செயலைத் தடுக்கும் அமினாப்டெரின் அது. இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகட்குச் சிறிது காலமேனும் நோய் தணியச் செய்த முதல் மருந்துகளுள் இஃதொன்று. இதன் வழிவந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் வழக்கிலுள்ளது.

கருவுற்ற முதல் நான்கு வாரத்திலேயே குழவியின் மூளை, தண்டுவட அமைப்பு மூடிக்கொள்ளும். ஆதலின் மகப்பேற்றை விழையும் மகளிர் முன்கூட்டியே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் உட்கொள்ளுதல் நன்று. இவ்வகைக் குறையுள்ள மகவை முன்பு பெற்ற தாய்மார்க்கு 4 மில்லிகிராம் அளித்தபோது, அக்குறை மீண்டும் நேர்தல் 72 விழுக்காடு குறைந்தமை 1991-இல் புலனாயிற்று. ஆயினும் அளவு கடத்தல் ஆகாது. பி12 உயிர்ச்சத்துக் குறைந்தோர்க்கு இதனை மட்டும் மிகுதியாகக் கொடுப்பின், குருதி தேறியதுபோல் தோன்றும். உள்ளே நரம்புகள் கெட்டுக்கொண்டே போகும். எனவே மருத்துவர் பணித்தாலன்றி வளர்ந்தோர் நாளொன்றுக்கு 1 மில்லிகிராமுக்கு மேற்படாது கொள்க. கீரையையும் பருப்பையும் உணவிற் சேர்க்குங்கால் இவ்வச்சமில்லை. கீரையை நெடிது வேகவைத்து நீரை வடித்தல் மட்டும் கூடாது.

அப்பி12 சத்து படிகமாகப் பிரிக்கப்பட்ட 1948-ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்டுத் திங்களில், சுப்பாராவ் உறக்கத்தில் மாரடைப்பால் மறைந்தார். அவர்க்கு வயது ஐம்பத்து மூன்று. 1922-இல் பிரிந்த தாயகத்திற்கு அவர் மீளவேயில்லை. அவர் சென்றபின் பிறந்த மகவு, தந்தை முகங்காணாது குழவிப் பருவத்திலேயே இறந்தது. மனைவியார் சேஷகிரி இங்கேயே இருந்தார்.