கறுப்புச் சிலந்தி லெவ் யாஷின்

பி.டி. பீரியடில் பெனால்டி அடிக்கச் சொன்னால் எல்லாரும் முண்டியடிப்போம். கோல்கீப்பரா நில்லுடான்னா மட்டும் ஒருத்தரும் வர மாட்டோம். அந்த இடத்தில் 20 வருஷம் நின்ற ஒருவரின் கதை இது.

லெவ் யாஷின் 22.10.1929 அன்று மாஸ்கோவில் தொழிலாளி குடும்பத்தில் பிறந்தார். இரண்டாம் உலகப்போர் வந்ததால், விளையாட வேண்டிய வயதில் ஃபேக்டரி வேலைக்குப் போனார். ஃபேக்டரி டீமில்தான் கோல்கீப்பர் ஆனார். பிறகு டைனமோ மாஸ்கோ அணி. சேர்ந்த புதிதில், எதிரணி கோல்கீப்பர் அந்தக் கோடியிலிருந்து தூக்கி அடித்த பந்தையே கோட்டை விட்டாராம்! சில வருஷம் சான்ஸ் கிடைக்கவில்லை. சும்மா இருக்காமல் ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பராக நின்று 1953-ல் சோவியத் கோப்பையை வென்றார்.

பிறகு 1956 ஒலிம்பிக் தங்கம், 1960 ஐரோப்பியக் கோப்பை. எப்பவும் கறுப்பு டிரெஸ், நீளமான கைகள். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

1962 உலகக் கோப்பையில் அடி விழுந்தது. கொலம்பியாவுடன் 4-1 என்று முன்னால் இருந்த சோவியத் அணி 4-4 என்று டிரா செய்தது. அதில் ஒரு கோல், கார்னர் கிக்கில் நேராகவே உள்ளே போனது! கால் இறுதியில் சிலியிடம் தோல்வி. பழியெல்லாம் யாஷின் தலையில். வயசாயிடுச்சு, கதை முடிஞ்சுதுன்னு பேசினார்கள். அவர் வீட்டு ஜன்னலைக்கூட உடைத்தார்கள்.

அடுத்த வருஷம், 10.11.1963. ரோம் நகரில் இத்தாலியுடன் ஐரோப்பியக் கோப்பை ஆட்டம். சோவியத் 1-0 முன்னிலை. அப்போது இத்தாலிக்குப் பெனால்டி! அடிக்க வந்தவர் மஸ்ஸோலா.

பந்துக்கும் கோலுக்கும் 11 மீட்டர்தான். கோலின் அகலம் 7.32 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அடித்தால் பந்து வர அரை வினாடிகூட ஆகாது. பந்தைப் பார்த்துட்டுப் பாயலாம்னா லேட். அந்தக் கால விதிப்படி, உதைக்கும் வரை கோட்டில் காலை அசைக்கவும் கூடாது. அடிப்பவரின் ஊன்றும் கால் எங்கே பார்க்கிறது, இடுப்பு எப்படித் திரும்புகிறது என்று கவனித்து ஒரு பக்கத்தை முடிவு செய்யணும். தப்பானால் ஊரே சிரிக்கும். ஏற்கெனவே ஜன்னல் உடைபட்டவருக்கு எப்படி இருந்திருக்கும்!

யாஷின் தடுத்துவிட்டார். ஆட்டம் 1-1 டிரா. முதல் ஆட்டத்தில் 2-0 ஜெயித்திருந்ததால் சோவியத் அடுத்த சுற்றுக்குப் போனது. அந்த வருஷமே ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருது அவருக்குக் கிடைத்தது. அதை வாங்கிய ஒரே கோல்கீப்பர் இன்றுவரை அவர்தான்.

1971-ல் மாஸ்கோவில் நடந்த வழியனுப்பு ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேர் வந்தார்கள். கடைசிக் காலத்தில் நோயால் ஒரு காலை இழந்தார். 20.3.1990-ல் காலமானார். 2019 முதல் சிறந்த கோல்கீப்பருக்குக் கொடுக்கும் விருதுக்கு யாஷின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.