குளச்சல் போரில் சிக்கிய டி லனாய்: நாஞ்சில் மண்ணில் அவர் வாரிசை டிஎன்ஏ காட்டிக்கொடுக்குமா?

தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சி. அங்கே இருக்கிற உதயகிரிக் கோட்டைக்கு இன்னொரு பெயர் டிலனாய் கோட்டை. கோட்டைக்குள் சிதைந்துபோன ஒரு பழைய தேவாலயம். அதற்குள் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டிய ஒரு கல்லறை. திருவிதாங்கூர் படையின் தளபதியாக இருந்த ஐரோப்பியர் யூஸ்டேசியஸ் டி லனாய் உறங்கும் இடம் அதுதான்.

கொஞ்சம் எச்சிலைக் குப்பியில் எடுத்து அனுப்பினால் முன்னோர் யார்னு சொல்லிடுவோம் என்று இப்போது பல கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றன. அப்படியென்றால், இந்த மாவட்டத்தில் ஒருவர் டி லனாய் எங்க வம்சம் என்று சொன்னால், டெஸ்ட் எடுத்து உறுதி செய்ய முடியுமா? அதற்கு முதலில் அவர் கதையைத் தெரிஞ்சுக்கணும்.

யார் இந்த டி லனாய்?

1715 வாக்கில் இன்றைய பிரான்சின் வடக்கே உள்ள அராஸ் நகரில் பிறந்தவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து இந்தியப் பெருங்கடல் பக்கம் வந்தார். அந்தக் கம்பெனி ஐரோப்பாவின் பல நாட்டு ஆட்களையும் வேலைக்கு எடுத்தது. அதனால் நாம் டச்சுக்காரர் என்று சொல்கிற இவர் பிறந்தது டச்சு நாட்டில் இல்லை.

அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் மார்த்தாண்ட வர்மா. மிளகு வியாபாரம் யார் கையில் என்பதில் அவருக்கும் டச்சுக்காரர்களுக்கும் மோதல் முற்றியது. இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் இறங்கியது. 1741 ஆகஸ்ட் 10-ல் அந்தப் படை தோற்றது. பிடிபட்டவர்களில் டி லனாயும் ஒருவர்.

கைதி எப்படி தளபதி ஆனார்?

மார்த்தாண்ட வர்மா அவரைத் தண்டிக்கவில்லை. தன் வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் போர்ப்பயிற்சி கொடுக்கும் வேலையை ஒப்படைத்தார். துப்பாக்கி, பீரங்கி, அணிவகுப்பு எல்லாம் சொல்லிக்கொடுத்து, படிப்படியாக உயர்ந்து, மக்கள் வாயில் வலிய கப்பித்தான் ஆனார் டி லனாய்.

உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார். அங்கே பீரங்கி வார்க்கும் உலையும் இருந்தது. கன்னியாகுமரிக்கு அருகே கடலை ஒட்டி நிற்கும் வட்டக்கோட்டையைத் திருத்திக் கட்டியதும் இவர்தான். வடக்கே நெடுங்கோட்டை என்ற நீண்ட பாதுகாப்பு அரணிலும் இவர் கைவண்ணம் உண்டு. இவர் இறந்து 12 வருஷம் கழித்து, 1789-ல் திப்பு சுல்தானின் படை முட்டியது அந்த அரணில்தான்.

பத்மநாபபுரத்தில் அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளைக்கு கிறிஸ்தவ சமயத்தை எடுத்துச் சொன்னவரும் டி லனாய்தான். அந்த நீலகண்ட பிள்ளைதான் 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 2022-ல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

டி லனாயின் மனைவி மார்கரீட்டா. மகன் ஜோகன்னஸ், 1765-ல் களக்காட்டுப் போரில் இளம் வயதிலேயே உயிரிழந்தார். சுமார் 37 ஆண்டுகள் திருவிதாங்கூருக்கு உழைத்த டி லனாய், 1777 ஜூன் 1-ல் காலமானார். கடைசிவரை ஊர் திரும்பவில்லை.

சரி, டிஎன்ஏ என்ன சொல்லும்?

ஒய் குரோமோசோம் டெஸ்ட், அப்பாவிலிருந்து மகனுக்கு நேராக இறங்கும் வழியை மட்டும் காட்டும். நடுவில் ஒரு தலைமுறையில் மகள்தான் என்றால் கதை அங்கேயே முடிந்தது. டி லனாயின் மகனோ போரில் போய்விட்டார்.

மைட்டோகாண்ட்ரியா டெஸ்ட், அம்மா வழியைக் காட்டும். ஆனா ஓர் ஆண் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. அதனால் டி லனாயின் வாரிசைத் தேட அது உதவாது.

மிச்சம் இருப்பது இரண்டு பக்கமும் கலந்து வரும் டிஎன்ஏ. 10 தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடம். ஒருவரின் பங்கு சராசரியாக 0.1 சதவீதம்தான். அதுவும் துண்டு துண்டாக இறங்குவதால், அந்த முன்னோரிடமிருந்து ஒரு துண்டுகூட வராமல் போக ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. உண்மையான வாரிசுக்கே ரிப்போர்ட்டில் பூஜ்யம் வரலாம்!

ஐரோப்பிய சதவீதம் வந்தால்?

அதுவும் ஆதாரம் இல்லை. கம்பெனியிடம் இருக்கிற இன்றைய மனிதர்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடுதான் அந்த சதவீதம். சின்ன எண் வெறும் கணக்குப் பிழையாகவும் இருக்கலாம். இந்தக் கடலோரத்துக்குப் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் வந்திருக்கிறார்கள். டிஎன்ஏவில் யார் பெயரும் எழுதியிருக்காது.

நம்ம ஊரில் இன்னொரு சிக்கல். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் பல தலைமுறை நடந்த குடும்பங்களில் டிஎன்ஏ அதிகமாக ஒத்துப்போகும். தூரத்து உறவுகூட நெருங்கிய உறவு மாதிரி தெரியும்.

எலும்பு கிடைத்தால் முடியுமா?

கோவாவில் கிடைத்த ஒரு பழைய எலும்பை ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு செய்தது. அது 1624-ல் கொல்லப்பட்ட ஜார்ஜியா ராணி கெட்டெவானுடையதா என்பது கேள்வி. இந்தியர்களிடம் காணாத, ஜார்ஜியாவில் உள்ள ஒரு தாய்வழி வகை அதில் இருந்தது. பழைய ஆவணங்களும் தோண்டி எடுத்த இடமும் பொருந்தியதால்தான் அந்த முடிவுக்கு வலு வந்தது.

இங்கிலாந்தில் 2012-ல் தோண்டி எடுத்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்பில் தாய்வழி ஒத்துப்போனது. ஆனா ஏட்டில் ஆண்வழி உறவினர் என்று இருந்தவர்களின் ஒய் குரோமோசோம் ஒத்துப்போகவில்லை. நடுவில் எங்கோ அப்பா மாறியிருக்கிறார்.

அப்போ வாரிசை எப்படித் தேடுவது?

மூணு, நாலு தலைமுறைக்குள் உறவைத் தேட டிஎன்ஏ நல்லாவே உதவும். அதற்கும் முன்னால் போக ஏடுகள்தான் துணை: தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள், நிலப் பத்திரங்கள், கல்வெட்டுகள். அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகள் மாதிரி பழைய ஆவணங்கள் கிடைத்த மண் இது.

ரிப்போர்ட்டில் பூஜ்யம் வந்தால் பாட்டி சொன்ன கதை பொய் ஆகிவிடாது. 2 சதவீதம் வந்தால் கல்லறைக்கு உரிமை கொண்டாடவும் முடியாது. அராஸில் பிறந்த டி லனாயை இந்த மண்ணோடு சேர்த்தது 37 வருஷ உழைப்பு. அது எந்த டெஸ்ட்டிலும் வராது, புலியூர்க்குறிச்சிக் கல்லில் இருக்கிறது.