உச்சரிப்பைச் செய்யுளில் வைத்த ஆசிரியர்

ஆங்கிலத்தைப் பிழையின்றி எழுதத் தெரிந்த பலர், அதைப் பேச வேண்டிய இடத்தில் தயங்கி நிற்கின்றனர். கண்ணால் அறிந்த சொல்லைக் காதால் அறியாததே காரணம். இக்குறைக்குக் கவிதையை மருந்தாக்கினார் ஓர் ஆசிரியர். அவர் ஆங்கிலேயர் அல்லர், நெதர்லாந்து நாட்டவர்.

கெரார்டு நோல்ஸ்ட் டிரெனிட்டே 1870-இல் யூட்ரெக்ட் நகரில் பிறந்தார். செவ்வியல் மொழிகளும் சட்டமும் பயின்றார். 1894-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குச் சென்று, அங்கிருந்த நெதர்லாந்துத் தூதரக அதிகாரியின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தார். பின்னர், 1901 முதல் 1918 வரை ஹார்லெம் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். 'சாரிவாரியஸ்' என்ற புனைபெயரில் வார இதழொன்றில் தம் தாய்மொழியில் மலிந்த பிழைகளை நகைச்சுவையுடன் கண்டித்து எழுதினார். அந்நாட்டு வாசகர்கள் அவரை அப்பெயராலேயே அறிந்தனர்.

ஆங்கிலம் பயிலும் தம் நாட்டு மாணவர்களுக்கு அவர் எழுதிய உச்சரிப்புப் பயிற்சி நூலின் 1920-ஆம் ஆண்டுப் பதிப்பில், 'கேயாஸ்' என்னும் கவிதையைப் பின்னிணைப்பாகச் சேர்த்தார். குழப்பம் என்பது அதன் பொருள். 'சி', 'எச்' என்னும் எழுத்துகளில் தொடங்கி, 'க' என ஒலிக்கும் அத்தலைப்பே முதல் பாடம். அன்று 146 அடிகளாக இருந்த கவிதை, பின்னர் 274 அடிகளாக வளர்ந்தது. ஆங்கில எழுத்துமுறையின் ஏறத்தாழ 800 முரண்கள் அதில் அடங்கின.

இனஃப், தோ, த்ரூ, காஃப் ஆகிய நான்கு சொற்களும் ஒரே நான்கு எழுத்துகளில் முடிகின்றன, ஒலியோ நால்வகை. இத்தகையவற்றைப் பட்டியலிட்டால் மனம் சலிக்கும். செய்யுளில் வைத்தாலோ, ஓர் அடியின் இறுதிச் சொல் தெரிந்தால் அடுத்த அடியின் இறுதியை இயைபு உணர்த்திவிடும். பிழையாக ஒலித்தால் ஓசை இடறும். திருத்த வேறொருவர் வேண்டியதில்லை. நிகண்டுகளைச் செய்யுளாக யாத்து மனனம் செய்த தமிழருக்கு இந்நுட்பம் புதிதன்று.

முயற்சியைக் கைவிடுமாறு கற்பவருக்கு அறிவுரை கூறிக் கவிதை முடிகிறது. வேடிக்கையாகச் சொல்லப்பட்டாலும் அதில் ஓர் ஆறுதல் உண்டு: தடுமாற்றத்துக்குக் காரணம் மாணவரின் அறியாமை மட்டுமன்று, எழுத்துக்கும் ஒலிக்கும் இடையிலான பிளவும்தான்.

அவர் 1946-இல் மறைந்தார். நம் தேர்வுகளோ இன்றும் பெரிதும் எழுதுகோலையே அளக்கின்றன, நாவை அளப்பதில்லை. ஆங்கில வகுப்பில் நாள்தோறும் ஒரு கவிதையை வாய்விட்டுப் படிக்கச் செய்வதற்குச் செலவேதும் இல்லை. பேசுவதற்கு அஞ்சும் மாணவரின் கூச்சத்தைப் போக்க அது நல்ல தொடக்கமாக அமையும்.