ஆடுபனும் இளங்கழுகும்

பறவைகளின் உருவை எழுதிப் புகழ் பெற்றோருள் ஜான் ஜேம்ஸ் ஆடுபன் தலைசிறந்தவர். அவர் 1785ஆம் ஆண்டு, இன்று ஹெய்ட்டி எனப்படும் நாட்டில் பிறந்தார். தந்தையார் பிரெஞ்சுக் கப்பல் தலைவர். பிரான்சு நாட்டில் வளர்ந்த ஆடுபன் பள்ளியினும் காட்டையே மிகுதியும் நாடினார். பறவைக் கூடுகளும் முட்டைகளும் அவர் திரட்டிய செல்வங்கள்.

நெப்போலியனின் படையில் மகன் சேர்க்கப்படலாகாது எனக் கருதிய தந்தையார், 1803ஆம் ஆண்டில் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். அங்கே, ஓடைக்கரைக் குகையொன்றில் கூடு கட்டியிருந்த சிறு பறவைகளின் குஞ்சுகளுக்குக் காலில் வெள்ளி நூல் கட்டிவிட்டதாகவும், மறு ஆண்டில் அவற்றுட் சில அப்பக்கத்துக்கே மீண்டதாகவும் அவர் எழுதியுள்ளார். இளம்பறவைகளை அத்துணை நுணுக்கமாக நோக்கியவரே பின்னாளில் அவற்றால் ஏமாந்தார் என்பது வியப்பன்றோ?

1808ஆம் ஆண்டில் லூசி என்னும் நங்கையை மணந்து, கென்டக்கியில் வணிகம் நடத்தினார். வணிகம் நலிந்தது, 1819ஆம் ஆண்டில் கடனுக்காகச் சிறையும் புகுந்தார். அதன்பின் தூரிகையே அவர்க்குத் துணையாயிற்று. குடும்பப் பாரத்தை லூசி அம்மையார் ஆசிரியப் பணி புரிந்து தாங்கினார். அவ்வம்மையார் இல்லையேல் ஆடுபனின் பெருநூல் இல்லை.

1814ஆம் ஆண்டு மிசிசிப்பி ஆற்றில் பயணம் செய்கையில், பழுப்பு நிறமுடைய பெருங்கழுகு ஒன்றைக் கண்டார். பின்னர் அத்தகைய கழுகொன்றைச் சுட்டு வீழ்த்தி, அதன் சிறகு விரிவு 10 அடி 2 அங்குலம் எனக் குறித்தார். அது புதிய இனம் எனத் துணிந்து, முதற் குடியரசுத் தலைவராகிய வாஷிங்டனின் பெயரை அதற்குச் சூட்டினார். அத்தகைய இனம் பின்னர் எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. அது வெண்டலைக் கழுகின் இளம்பறவையே என்பது அறிஞர் பலர் கருத்து. அவர் வேண்டுமென்றே புனைந்துரைத்தார் எனக் கூறுவாரும் உளர்.

வெண்டலைக் கழுகுக்குத் தலையும் வாலும் வெண்மையாவது ஏறத்தாழ ஐந்தாம் ஆண்டில்தான். அதுவரை உடல் முழுதும் பழுப்பாய், இடையிடையே வெண்புள்ளி விரவியிருக்கும்; தொடக்கத்தில் அலகும் கருமையாகவே இருக்கும். மேலும், முதலாண்டுப் பறவையின் சிறகும் வாலும் முதிர்ந்த பறவையினுடையவற்றைவிடச் சற்று நீளமானவை. ஆகவே மகவு தாயினும் பெரிதாகத் தோன்றும். ஆயினும் முதிர்ந்த கழுகின் சிறகு விரிவுதானும் 8 அடிக்கு மேற்படுவதில்லையாதலின், ஆடுபனின் அளவு ஐயத்துக்குரியதே.

சிறு குருவிகளும் அவரை விட்டபாடில்லை. இளவேனிலில் செம்பழுப்பு மார்புடன் திரியும் குருவியொன்று, இலையுதிர் காலத்தில் பசுமை கலந்த மஞ்சள் நிறம் பூணும். அதன் குஞ்சும் அந்நிறமே கொள்ளும். அக்கோலத்தில் அதனைக் கண்டவர், இலையுதிர்காலக் குருவி என்னும் தனி இனமாகவே கொண்டார்.

ஆடுபன் இறந்த பறவையைக் கம்பியால் நிறுத்தி, இயற்கை அளவிலேயே எழுதியவர். அவ்வோவியம் அப்பறவையின் ஒரு நாளைக் கோலத்தையே காட்டும். இக்காலத்தில் ஒரே பறவையை ஆண்டுதோறும் நிழற்படம் எடுத்து, அலகின் நிறமும் இறகின் தேய்வும் ஒப்பு நோக்கி அகவையைக் கணிக்கின்றனர். அவர்களும் இளம்பறவையின் படத்தைக் கண்டு சில வேளை திகைப்பதுண்டு.

1827 முதல் 1838 வரை இலண்டனில் வெளிவந்த 'அமெரிக்கப் பறவைகள்' என்னும் அவர் நூலில் 435 படங்கள் உள்ளன. வாஷிங்டன் கழுகு 11ஆவது. வெண்டலைக் கழுகு 31ஆவது. அதன் இளம்பறவையென அவரே அறிந்து எழுதியது 126ஆவது. 11ஆம் படத்தை அவர் திருத்தவேயில்லை. 1851ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நியூயார்க்கில் அவர் காலமானார்.