வெள்ளாளன்விளையிலிருந்து தோர்னக்கல் வரை

மலர்க் குழுவில் இருக்கும் நண்பர், தொழில் சம்பந்தமாக ஏதாவது எழுதித் தாரும் என்றார். கான்கிரீட்டைப் பற்றி எழுதினால் என் செட்டுப் பையன்களே பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்று தெரியும். ஆகவே டிகிரி வாங்காமலே கல்லூரியை விட்டுப் போன ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். முன்னாள் மாணவர் மலரில் இப்படி ஒரு ஆளா என்று சீனியர் அண்ணன்மார் கோபிக்கக் கூடாது.

அவர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874 ஆகஸ்ட் 17-ம் தேதி, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்தார். பனைமரமும் செம்மணலுமாகக் கிடக்கிற ஊர்ப்பக்கம். அப்பா தாமஸ் வேதநாயகம் சபைக் குருவானவர். அம்மா பெயர் எல்லன். பல வருஷம் ஜெபித்துப் பெற்ற பிள்ளை என்பதால் சாமுவேல் என்று பெயர். அன்னாள் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிறு வயதிலேயே அப்பா இறந்துபோக, அம்மாவின் கண்டிப்பில் வளர்ந்தார். மெய்ஞ்ஞானபுரம் விடுதிப் பள்ளி, திருநெல்வேலி, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. கடைசியில் கணக்குப் பரீட்சை நேரம் உடம்புக்கு முடியாமல் போயிற்று. நாமெல்லாம் அரியர் எழுதித் தப்பித்தவர்கள். அவரோ திரும்பிப் போய் எழுதவே இல்லை. 1895-ல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றக் கிளம்பிவிட்டார். 1920-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது வேறு கதை.

அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது 1902-ல் போன யாழ்ப்பாணப் பயணம். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு போட்டு, தாங்களே ஆள் அனுப்பி ஊழியம் செய்வதைப் பார்த்தார். நெல்லைச் சபையோ எண்ணிக்கையில் எவ்வளவோ பெரியது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குருவானவர் சம்பளம் என்று எத்தனையோ காரியத்துக்குச் சீமையிலிருந்து பணம் வரக் காத்திருந்தது. அது அவருக்கு வெட்கமாகப் பட்டிருக்கிறது. ஊர் திரும்பி, 1903 பிப்ரவரியில் சில நண்பர்களோடு சேர்ந்து திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். ஆளும் இந்தியர், பணமும் இந்தியப் பணம், நிர்வாகமும் இந்தியர் கையில் என்பதே ஏற்பாடு. சங்கம் தேர்ந்துகொண்ட இடம் நிஜாம் சமஸ்தானத்துத் தெலுங்குப் பகுதி. 1905-ல் செராம்பூரில் தொடங்கிய தேசிய மிஷனரி சங்கத்திலும் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு நான் மட்டும் மெட்ராஸில் உட்கார்ந்திருப்பதா என்ற கேள்வி அவரைக் குடைந்திருக்க வேண்டும். 1909-ல் குருப்பட்டம் பெற்று, மனைவி அன்பு அம்மாளோடும் பிள்ளைகளோடும் தோர்னக்கல் போய்ச் சேர்ந்தார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு அரிச்சுவடி! கிட்டத்தட்ட அந்த வயதில் இருக்கிற எனக்கு, ஆபீஸில் புது சாஃப்ட்வேர் வந்தாலே எரிச்சல் வருகிறது.

அடுத்த வருஷம் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு. கூடியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். அந்தச் சபையில் எழுந்து, மேல்நாட்டு மிஷனரிமார் இந்திய ஊழியரைச் சம்பளக்காரராகவே நடத்துகிறார்கள், வீட்டுக்கு அழைத்துப் பந்தியில் சமமாக உட்கார வைப்பதில்லை என்று முகத்துக்கு நேரே பேசினார். அவர்களுடைய தியாகத்தையெல்லாம் மறுக்காமல், அதற்கு மேல் நட்பையும் கேட்டார். சிலர் நெகிழ்ந்தார்கள், சிலருக்குக் கோபம். தன்னை வரவழைத்தவர்கள் முன்னாலேயே அப்படிப் பேச என்ன துணிச்சல் வேணும், யோசியுங்க.

1912 டிசம்பர் 29-ல் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். எதிர்ப்பு இல்லாமல் நடக்கவில்லை. ஒரு இந்தியனுக்குக் கீழே எப்படி வேலை செய்வது என்று தயங்கிய மிஷனரிமார் ஒரு பக்கம். அவருடைய சாதியைக் காட்டி முணுமுணுத்த நம்மவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் உறைக்கிறது. மெட்ராஸ் பேராயர் வைட்ஹெட் மட்டும் உறுதியாக நின்றார்.

பட்டம் வந்தபின் செய்த வேலைதான் பெரிது. அவருடைய சபையார் பெரும்பாலும் மாலா, மாதிகா சமூகத்துக் கூலி விவசாயிகள். எழுதப் படிக்கத் தெரியாது, கையில் காசு கிடையாது. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் கிராமம் கிராமமாகப் போனார். படிக்கத் தெரியாதவனுக்குப் பிரசங்கம் மனதில் நிற்க வேண்டுமே. கதையாகச் சொல்லுவார், கேள்வி கேட்டுப் பதில் வாங்குவார், பாட்டாகப் படிக்க வைப்பார். ஞானஸ்நானம் பெற்றவர் தம் தலைமேல் தாமே கை வைத்து, சுவிசேஷத்தைச் சொல்லாமல் இருக்கமாட்டேன் என்ற பொருளில் உறுதி எடுப்பது அவர் கொண்டுவந்த வழக்கம். சாட்சி சொல்வது ஐயர் வேலை மட்டும் இல்லை, களை பறிக்கிற அம்மா வேலையும்தான் என்பதே அதன் அர்த்தம்.

அதைப் போலவேதான் காணிக்கையும். ஏழை கொடுக்க வேண்டாம் என்று சொல்வது இரக்கம் மாதிரித் தோன்றும். அசரியா அதை ஒத்துக்கொள்ளவில்லை. வாங்குகிறவனாகவே இருப்பவன் நிமிர்ந்து நிற்கமாட்டான் என்று நினைத்தார். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது, அறுப்பு முடிந்ததும் முதற்பலன் கொண்டுவருவது என்று சபையைப் பழக்கினார். கிறிஸ்தவக் கொடுத்தல் பற்றித் தனியாகப் புத்தகமே எழுதினார். பிடியரிசி நெல்லைப் பக்கத்துக்குப் புதிதில்லை. என் பாட்டியும் கலயம் வைத்திருந்தவள்தான். இன்று சபைத் தேர்தல் வந்தால் இரண்டு அணி, கலர் நோட்டீஸ், கடைசியில் கோர்ட் என்று போகிறபோது அந்தக் கலயம் ஞாபகம் வரத்தான் செய்கிறது.

மாலாவும் மாதிகாவும் ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுப்பது சுலபமாக நடந்துவிடவில்லை. சபைக்குள் வந்த பின்னும் ஒருவரை ஒருவர் ஒதுக்கினார்கள். ஆயுள் முழுவதும் அதோடு போராடினார், முழு வெற்றி கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். 1930-களில் மதமாற்றம் குறித்து காந்தியடிகளோடு அவருக்குக் கடுமையான கருத்து வேறுபாடு இருந்தது. அதே அசரியாதான் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்றும் வாதாடினார்.

சிவில்காரன் என்ற முறையில் தோர்னக்கல் பேராலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். விஜயவாடா–காசிப்பேட்டை மார்க்கத்தில் வருகிற ஜங்ஷன் அது. கொத்தகூடம் பக்கம் சைட் வேலையாகப் போனபோது ரயிலை விட்டு இறங்கிப் பார்த்தேன். குவிமாடமும் உயர்ந்த கோபுரங்களும் மசூதியை நினைவூட்டும், உள்ளே கல் தூண்கள் கோயில் மண்டபம் மாதிரி. சீமைக் கூர்மாடக் கட்டடத்தை அப்படியே கொண்டுவந்து வைக்கவில்லை. வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பி 1939-ல்தான் பிரதிஷ்டை செய்தார்கள். பட்ஜெட் இல்லாமல் பாதியில் நிற்கிற சைட்டின் வேதனை தெரிந்தவர்களுக்கு அந்தப் பொறுமை புரியும். ஆனால் ஆராதனை முறையில் அவர் ஆங்கிலிக்கன் ஒழுங்கை விட்டு அதிகம் விலகவில்லை. கட்டடத்தில் காட்டிய துணிச்சலை அதிலும் காட்டியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

1919-ல் தரங்கம்பாடியில் கூடிய ஊழியர்களில் அவரும் ஒருவர். ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று சீமையில் உண்டான பிரிவினைகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று அங்கே தொடங்கிய பேச்சு இருபத்தெட்டு வருஷம் இழுத்தது. பேராயரின் அதிகாரம் என்ன, யார் பட்டாபிஷேகம் செல்லும் என்று கமிட்டி மேல் கமிட்டி. அசரியா சலிக்காமல் உட்கார்ந்திருந்தார். 1945 ஜனவரி 1-ம் தேதி தோர்னக்கலில் அவர் இறந்தபோது மறைமாவட்டத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ல் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் உதயமானது. இரண்டு வருஷம் ஒன்பது மாதம் முந்திவிட்டார் மனுஷன்.