தொகுப்பில் இல்லாத ராஜா

ஏ.எம்.ராஜாவின் சிறந்த பாடல்கள் என்ற பெயரில் ஒலிநாடாக் காலத்திலிருந்தே தொகுப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒலிநாடா குறுந்தகடாயிற்று, குறுந்தகடு கைப்பேசிக்குள் புகுந்தது. பாடல்களின் வரிசை மட்டும் பெரிதாக மாறவில்லை. ‘மிஸ்ஸியம்மா’வில் ஒன்றிரண்டு, ‘கல்யாணப் பரிசு’, ‘தேன் நிலவு’ படங்களிலிருந்து ஐந்தாறு, ஜிக்கியுடன் பாடிய காதல் பாடல்கள் சில. அட்டையில் பெரும்பாலும் ஜெமினி கணேசன் சிரித்துக்கொண்டிருப்பார். பாடியவரின் முகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேட்டூரில் ஓய்வுக் காலத்தைக் கழிக்கும் நான், அத்தகைய தொகுப்பு ஒன்றை அண்மையில் முதலிலிருந்து கடைசி வரை கேட்டு முடித்தேன். ராஜாவில் பாதிதான் இதில் இருக்கிறார் என்ற எண்ணம் நெடுநாளாக எனக்கு உண்டு. அது இப்போது உறுதிப்பட்டது. பாடகர் இருக்கிறார், இசையமைப்பாளர் இல்லை.

இது சிறு குறை அன்று. ராஜாவின் வாழ்க்கையே இசையமைப்பில்தான் தொடங்குகிறது. 1929-இல் சித்தூர் மாவட்டத்து ராமச்சந்திரபுரத்தில் பிறந்தவர் அவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படிக்கும் காலத்தில், தாமே மெட்டமைத்த இரண்டு தெலுங்குப் பாடல்களைப் பாடி இசைத்தட்டாகப் பதிவு செய்தார். அந்தப் பதிவுக்கு வாத்திய இசை ஒழுங்குசெய்து உதவியவர் கே.வி.மகாதேவன். அவை வானொலியில் ஒலித்தபோது ஜெமினி அதிபர் எஸ்.எஸ்.வாசனின் காதில் விழுந்தன. 1951-இல் வெளிவந்த ‘சம்சாரம்’ படத்தில் பாடும் வாய்ப்பு அப்படித்தான் வந்தது. ஆக, பின்னணிப் பாடகராக அறியப்படுவதற்கு முன்பே அவர் மெட்டமைப்பவராக இருந்தார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அவர் வந்த காலம் உரத்த குரல்களின் காலம். நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடிப் பழகிய மரபு திரைப்பாட்டிலும் தொடர்ந்தது. ராஜா ஒலிவாங்கியை நம்பிப் பாடினார். அருகில் இருக்கும் ஒருவரிடம் பேசும் அளவுக்கே குரலை உயர்த்தினார். அமெரிக்காவில் பிங் கிராஸ்பி 1930-களில் செய்ததும் இதுவே. கருவி மாறியபோது பாடும் முறையும் மாறலாம் என்று இருவரும் புரிந்துகொண்டார்கள். உச்சத்தில் வீரம் காட்டும் குரல் அன்று ராஜாவினுடையது. சோகப் பாட்டிலும் அவர் விம்முவதில்லை. அந்த அடக்கமே சிலருக்குக் குறையாகப் பட்டிருக்கிறது. எனக்கு அதுவே அவருடைய தனிச்சிறப்பு.

ஜெமினியின் குரல் என்று அவரைச் சுருக்கிவிடுவதும் சரியன்று. ‘குலேபகாவலி’யிலும் ‘மகாதேவி’யிலும் எம்.ஜி.ஆருக்குப் பாடினார், ‘எதிர்பாராதது’, ‘அமரதீபம்’ படங்களில் சிவாஜிக்குப் பாடினார். தெலுங்கில் ‘விப்ரநாராயணா’வில் நாகேஸ்வர ராவுக்கும், ‘மிஸ்ஸம்மா’வில் என்.டி.ராமராவுக்கும் அவர் குரலே ஒலித்தது. எங்கள் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அதில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் பாடும் காதல் பாட்டில் ஆண்குரல் ராஜாவுடையது. வாள்வீச்சு நாயகனுக்கு இவ்வளவு மென்மையான குரலா என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1959-இல் இயக்குநர் ஸ்ரீதர் தம்முடைய முதல் படமான ‘கல்யாணப் பரிசு’க்கு இசையமைக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். பாடல்கள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். படம் வெளியான அதே ஆண்டில், 29 வயதில் அந்தக் கவிஞர் மறைந்தார் என்பதையும் எண்ணிப் பார்க்கிறேன். இந்தப் படத்தில் ஒரு தீபாவளிப் பாட்டு உண்டு. முதலில் சுசீலாவின் குரலில், பண்டிகைக் குதூகலமாக வருகிறது. பின்னர் அதே பாட்டு, காதலை இழந்தவனின் துயரமாக ராஜாவின் குரலில் திரும்புகிறது. மெட்டின் அடித்தளம் ஒன்றே. மகிழ்ச்சிக்காக அமைத்த அதே சுரங்களைக் காலம் தாழ்த்தி, வாத்தியங்களைக் குறைத்து, துயரம் தாங்கவும் செய்திருக்கிறார். இது மெட்டமைப்பவரின் வேலை. குரலின் வேலை மட்டும் அன்று. தொகுப்பிலோ சோகப்பாட்டு மட்டுமே இருக்கிறது. சுசீலா பாடியது சுசீலாவின் தொகுப்புக்குப் போய்விட்டது. முதற்பாட்டைக் கேளாதவருக்கு இரண்டாம் பாட்டு வெறும் சோகப்பாட்டுதான். கேட்டவருக்கோ, அதே வாசலில் விளக்கு அணைந்திருப்பதைப் பார்ப்பது போன்றது.

அந்தப் படம் மறு ஆண்டே ‘பெள்ளி கானுக’ என்று தெலுங்குக்குப் போனது. அதற்கும் ராஜாவே இசை. தொடர்ந்து ஸ்ரீதரின் ‘விடிவெள்ளி’, 1961-இல் காஷ்மீரில் படமாக்கப்பட்ட ‘தேன் நிலவு’. ‘தேன் நிலவு’ பாடல்களில் ஒன்றைக்கூடக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், ஸ்ரீதருடனான கூட்டணி அத்துடன் முடிந்தது. இருவருக்குமிடையே ஏற்பட்ட மனக்கசப்பைப் பற்றித் திரை வரலாறு எழுதிய பலர் குறிப்பிட்டிருக்கிறார்கள். அடுத்து வந்த ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்துக்கு விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையமைத்தார்கள். ஜெமினியின் குரலாகப் பி.பி.ஸ்ரீநிவாஸ் நிலைபெற்றதும் இந்த ஆண்டுகளில்தான்.

1962-இல் ராஜா இசையமைத்த மற்றொரு படம் ‘ஆடிப்பெருக்கு’. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயரே போதும். ஆடிப் பதினெட்டு அன்று மேட்டூரில் காவிரியில் இறங்கத் துறை கிடைக்காது. புதுமணப்பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். முளைப்பாரி ஆற்றோடு போகும். அணைக்கட்டு முனியப்பன் கோயிலில் பொங்கலும் கிடாவெட்டும் ஒரே புகையாக எழும். அந்தப் படத்தில் காவிரிக் கரையைப் பாடும் சுசீலாவின் தனிப்பாட்டு ஒன்று உண்டு. அலை கரையைத் தொட்டுத் திரும்புவது போன்ற மெட்டு. ராஜா தம் வாழ்நாளில் செய்தவற்றுள் தலைசிறந்த ஐந்தைச் சொல்லச் சொன்னால், நான் தயங்காமல் இதைச் சேர்ப்பேன். அவர் குரல் அதில் இல்லை என்பதால், அவருடைய எந்தத் தொகுப்பிலும் அதை நான் கண்டதில்லை. தனிமையைப் பற்றி அவரும் சுசீலாவும் பாடும் அதே படத்துப் பாட்டு மட்டும் தவறாமல் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைக்க யாருக்கு என்ன தடை?

அதன்பின் தமிழில் வாய்ப்புகள் மெலிந்தன. ராஜா கறாரானவர் என்பது திரையுலகில் நிலவிய பெயர். தாம் அமைத்த மெட்டில் பிறர் கைவைப்பதை விரும்பமாட்டார், வளைந்துகொடுக்கவும் மாட்டார். அந்தப் பிடிவாதம்தான் அவரைக் கெடுத்தது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘கல்யாணப் பரிசு’ பாடல்களில் ஒரு சுரம்கூட மிகையாக இல்லாதிருப்பதற்கும் அதே பிடிவாதம்தானே காரணம்? கனியை வைத்துக்கொண்டு மரத்தைப் பழிப்பது என்ன நியாயம்? ஆனால், இழப்பு அவருடையது மட்டுமன்று என்பதையும் சொல்ல வேண்டும். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதில் ஓர் இசையமைப்பாளர் ஒதுங்கினால், அவர் அமைக்காமல் போன மெட்டுகளுக்குக் கணக்கு இல்லை.

மலையாளம் அவரைக் கைவிடவில்லை. 1962-இல் வந்த ‘பார்யா’வில் தேவராஜன் இசையில் பெரியாற்றைப் பற்றிச் சுசீலாவுடன் பாடிய பாட்டும், ‘பாலாட்டுக் கோமன்’ பாட்டும், 1969-இல் ‘அடிமகள்’ படத்தில் பாடியதும் கேரளத்தில் இன்றும் வாழ்கின்றன. தமிழில் 1970-களின் தொடக்கத்தில் வி.குமார் ‘ரங்கராட்டின’த்திலும், சங்கர் - கணேஷ் ‘புகுந்த வீடு’ படத்திலும் அவரைத் திரும்ப அழைத்தார்கள். ‘புகுந்த வீடு’ பாட்டில் உடன் பாடியவர் அவர் மனைவி ஜிக்கி. பத்தாண்டு இடைவெளி அந்தக் குரல்களில் தெரியவில்லை.

ஜிக்கி அவருக்கு முன்பே புகழ்பெற்றவர். சிறுமியாகத் திரைக்கு வந்து, 1948-இன் ‘ஞானசௌந்தரி’யால் தமிழகமெங்கும் அறியப்பட்டவர். பட வாய்ப்புகள் குறைந்த ஆண்டுகளில் இருவரும் சேர்ந்தே கச்சேரி மேடைகளில் பாடினார்கள். கோயில் திருவிழாக்களிலும் திருமண வீடுகளிலும் அவர்களை நேரில் கேட்டவர்கள் தென்மாவட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள்.

அப்படியொரு கச்சேரிப் பயணத்தில்தான் முடிவும் வந்தது. 1989 ஏப்ரலில், திருநெல்வேலி மாவட்டம் வள்ளியூர் ரயில் நிலையத்தில் நிகழ்ந்த விபத்தில் ராஜா உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 59. அதே ஆண்டில் வெளிவந்த ‘பாட்டுக்கு ஒரு தலைவன்’ படத்தில் இளையராஜா இசையில் ஜிக்கி பாடிய பாட்டொன்று ஊரெங்கும் ஒலித்தது. கணவருக்குப் பின் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்து, 2004 ஆகஸ்டில் அவரும் மறைந்தார்.